வெயிலைச் சரியாகச் சொல்கிறார்கள், கோடை மழையை ஏன் சொல்ல முடியவில்லை?

வானிலை பார்க்கிற என்னிடம் இதைக் கேட்டவர் குடியாத்தத்துக்காரர். அவர் கேட்டதன் சுருக்கம் இது: மூன்று நாளாக வேலூர் மாவட்டத்தில் இடியுடன் கூடிய மழை என்று அறிவிப்பு வருகிறது. குடியாத்தத்தில் ஒரு சொட்டு விழவில்லை. இருபது கிலோமீட்டர் தள்ளிப் பேரணாம்பட்டில் ஆலங்கட்டியே விழுந்ததாம். ஆனால் வெயில் 41 டிகிரி என்றால் 41 அடித்தே விடுகிறது. வெயிலைச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு மழையைச் சொல்லத் தெரியாதா? அப்புறம், அடுத்த ஞாயிறு வீட்டில் காதுகுத்து. மாடியில் பந்தல் போடலாமா?

காதுகுத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த இருபது கிலோமீட்டர்.

அடுப்பில் எண்ணெய் வைத்துக் கடுகு தாளிக்கிறோம். எண்ணெய் எவ்வளவு நேரத்தில் காயும் என்று தினமும் சமைப்பவருக்குப் பார்க்காமலே தெரியும். காய்ந்ததும் கடுகு வெடிக்கும் என்பதும் தெரியும். எந்தக் கடுகு முதலில் வெடிக்கும், அது சட்டியின் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று கேட்டால் அவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். நீங்கள் கேட்டிருக்கும் இரண்டு விஷயங்களுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். வெயில், எண்ணெய் காய்கிற கணக்கு. கோடை மழை, கடுகு.

வெயில் ஏன் சுலபம் என்றால், அது ஒரு பெரிய ஜமுக்காளம் போல விரிந்து கிடக்கும். வேலூரில் 41 என்றால் காட்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை எல்லாமே அதற்கு ஒன்றிரண்டு டிகிரி முன்பின்தான். நாளுக்கு நாளும் மெதுவாகவே மாறும். காற்றின் திசை மாறாத வரை நேற்றைய வெயிலையே இன்றைக்கும் சொன்னால் பெரிய தப்பு வராது. உண்மையைச் சொன்னால், மே மாதத்தில் "நேற்று மாதிரியே இன்றும்" என்று சொல்லிக்கொண்டு திரிகிற ஒருவரை விடக் கூடுதலாகச் சரியாகச் சொல்வதுதான் எங்களுக்குப் பெரும்பாடு.

அந்தக் கூடுதல் சரிக்கு ஒரு கணக்கு உண்டு. சென்னை மீனம்பாக்கத்திலும் பெங்களூரிலும் தினமும் அதிகாலையில் ஒரு பலூன் விடுகிறார்கள். அதில் கட்டிய சிறு கருவி மேலே போகப் போக வெப்பம், ஈரம், காற்று மூன்றையும் அளந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். நான் முதலில் பார்ப்பது ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் எத்தனை டிகிரி என்பதை. காய்ந்த காற்று ஒரு கிலோமீட்டர் கீழே இறங்கினால் ஏறக்குறைய 10 டிகிரி சூடாகும். மதியத்தில் தரை கொதித்து, அந்த உயரம் வரை காற்று நன்றாகக் கலங்கிவிடும். அதனால் மேலே 26 டிகிரி என்றால் அதோடு 14, 15 சேர்த்துக்கொள்ளுங்கள்: கீழே 40, 41. மேலே 28 ஆகிவிட்டால் மறுநாள் செய்தியில் வேலூர் பெயர் முதல் வரியில் இருக்கும். மேகம் மூடினால் இரண்டு கழிக்க வேண்டும். முந்தைய நாள் மழை பெய்து மண் ஈரமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கழிக்க வேண்டும், ஏனென்றால் அந்த ஈரத்தை உலர்த்தவே வெயிலின் பாதி பலம் போய்விடும். இந்தக் கணக்கைத்தான் கணினி ஆயிரம் மடங்கு நுணுக்கமாகச் செய்கிறது. ஐந்தாறு நாள் முன்பே ஓரிரண்டு டிகிரிக்குள் வந்துவிடும்.

சுலபம் என்று நான் சொன்னது உங்கள் ஊருக்கு. சென்னை வெயிலைச் சொல்பவரிடம் போய் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார். அங்கே எல்லாம் கடற்காற்று எத்தனை மணிக்கு வரும் என்பதில் இருக்கிறது. பதினொன்று, பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டால் 37-ஓடு நின்றுவிடும். மேற்கிலிருந்து தரைக்காற்று பலமாக அடித்து, கடற்காற்றைக் கரையிலேயே இரண்டு, மூன்று மணி வரை தடுத்து நிறுத்தினால் 41, 42. ஒரே நகரத்துக்குள் நுங்கம்பாக்கம் ஒரு கணக்கு, இன்னும் உள்ளே தள்ளி இருக்கும் மீனம்பாக்கம் வேறு கணக்கு. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. நகரத்தின் உச்சமாக இன்றும் சொல்லப்படுவது அதுதான். கடற்காற்று வந்ததும் டிகிரி குறையும், ஆனால் புழுக்கம் ஏறும். 35 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் உடம்புக்கு அது 45 போலத் தெரியும். அதனால் "உங்க ஊர்ல 41, எங்க ஊர்ல 36-தான்" என்று சென்னைக்காரர் உங்களிடம் அனுதாபப்பட்டால் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

இன்னொன்று. சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் வருவது ஏப்ரல் கடைசி வாரத்தில். கன்னியாகுமரிக்கு ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே. கத்திரி வெயில் என்று பஞ்சாங்கம் சொல்வது மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். உண்மையில் உச்ச வெயில் ஊருக்கு ஊர் மாறும். கோவை, சேலம் பக்கம் மார்ச், ஏப்ரலே உச்சம்; மே மாதத்தில் மழை தொடங்கி அவர்கள் தப்பித்துவிடுவார்கள். கோவைக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு துணைக்கு இருக்கிறது. வேலூர், திருத்தணி, சென்னைக்கு மே பிற்பாதியும் ஜூன் தொடக்கமும்தான் கொடுமை. கேரளாவில் பருவமழை தொடங்கும்போது மேற்குக் காற்று பலமாகும். அது மலையில் ஈரத்தை இறக்கி வைத்துவிட்டுக் காய்ந்துபோய், சூடாகி நம் பக்கம் வரும். அங்கே குடை, இங்கே விசிறி. கத்திரி முடிந்துவிட்டது என்று பஞ்சாங்கம் சொன்ன பிறகும் உங்கள் மாவட்டம் வேகுவது அதனால்தான்.

"இவ்வளவு வெயிலுக்கு வெப்ப அலை என்று ஏன் அறிவிக்கவில்லை" என்றும் பலர் கேட்கிறார்கள். சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டால் மட்டும் போதாது. அந்த நாளின் இயல்பை விட 4.5 டிகிரி கூடியும் இருக்க வேண்டும். வேலூரின் மே இயல்பே 38, 39. ஆக 42 அடித்தாலும் ஏட்டில் அது வெப்ப அலை ஆகாது. கடலோரத்துக்கு வரம்பு 37. இந்த விதி புள்ளிவிவரத்துக்குச் சரி, வெயிலில் செங்கல் சுமப்பவருக்குச் சரியில்லை என்பது என் எண்ணம்.

சரி, மழைக்கு வருவோம்.

மாலை இடிமழைக்கு மூன்று வேண்டும்: கீழே ஈரம், மேலே குளிர்ந்த காற்று, நடுவில் யாராவது ஒரு தள்ளு. ஈரம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வீட்டு வழி இருக்கிறது. காலை பத்து மணிக்கு ஒரு டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி வெளியே வையுங்கள். இரண்டு நிமிடத்தில் டம்ளர் வெளிப்பக்கம் வழிய வழிய வியர்த்தால் காற்றில் நல்ல ஈரம், அதாவது வங்கக்கடல் காற்று உங்கள் ஊர் வரை எட்டியிருக்கிறது. லேசாக மட்டும் படிந்தால் மேற்கின் காய்ந்த காற்று. அன்றைக்குப் பெரும்பாலும் வெயில் மட்டும்தான். நாங்கள் பனிநிலை என்று ஒரு எண்ணைப் பார்ப்போம்; காற்று எத்தனை டிகிரிக்குக் குளிர்ந்தால் அதன் ஈரம் துளியாகப் படியும் என்று அது சொல்லும். 22, 23 டிகிரி இருந்தால் கண்கள் விரியும். 15-க்கு இறங்கிவிட்டால் அன்று மற்ற வேலையைப் பார்க்கப் போய்விடலாம்.

ஈரம் இருந்தும் பெய்யாத நாட்கள்தான் அதிகம். காரணம், மூடி. தரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சூடான காற்றடுக்கு, குக்கர் மூடி மாதிரி உட்கார்ந்திருக்கும். கீழே எவ்வளவு கொதித்தாலும் அதைத் தாண்டி எழ முடியாது. தரை 39-ஐத் தொட்டால் மூடி திறக்கும், 38-ஓடு நின்றுவிட்டால் திறக்காது என்று காலைப் பலூனைப் பார்த்தே கணக்குப் போட முடியும். சிக்கலைக் கவனியுங்கள். வெயிலைச் சொல்வதில் ஒரு டிகிரி பிசகினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அதே ஒரு டிகிரி, மழை விஷயத்தில் 13 கிலோமீட்டர் உயர இடிமேகத்துக்கும் வெறும் நீல வானத்துக்கும் உள்ள வித்தியாசம். வெயில் கணிப்பு "சரி", மழைக் கணிப்பு "தப்பு" என்று நீங்கள் சொல்கிற நாட்களில் பல, இரண்டிலும் ஒரே அளவு பிழை நடந்த நாட்கள்.

மூன்றாவது அந்தத் தள்ளு. வடதமிழகத்தில் அது பெரும்பாலும் மலைதான். ஏலகிரி, ஜவ்வாது, கல்வராயன், மேற்கே பலமநேர் மேட்டுநிலம். வெயில் படும் சரிவு சமவெளியை விட முந்திச் சூடாகும். காற்று சரிவேறி மேலே போகும். அதனால்தான் இரண்டு மணிக்குச் செயற்கைக்கோள் படத்தில் முதல் வெள்ளைப் பொட்டுகள் எப்போதும் மலைக்கு மேலே தெரியும். அடுத்தது கடற்காற்றின் விளிம்பு. மதியம் கரையேறி, ஒரு கோடு போல உள்நாட்டுக்குள் நகரும். மாலைக்குள் அரக்கோணம், காஞ்சிபுரம் தாண்டும். சில நாள் இரவு வாக்கில் வேலூரையும் எட்டிப் பார்க்கும். அந்தக் கோடும் மேற்கிலிருந்து வரும் காற்றும் முட்டுகிற இடத்தில் காற்றுக்குப் போக வேறு வழி இல்லை, மேலேதான் போக வேண்டும். "கிழக்கு திசைக் காற்றும் மேற்கு திசைக் காற்றும் சந்திக்கும் பகுதி" என்று செய்தியில் கேட்பீர்களே, அதன் பெரிய வடிவம்தான். கர்நாடகத்தின் உட்பகுதியிலிருந்து குமரி வரை ஏப்ரல், மே முழுக்க இப்படி ஒரு கோடு இருந்துகொண்டே இருக்கும். அது கிழக்கே நகர்ந்தால் வேலூர், திருவண்ணாமலைக்குக் கொண்டாட்டம். மேற்கே நகர்ந்தால் ஓசூர், தாளவாடிக்கு.

மூன்றும் கூடிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் வீட்டுக் கூரை மேல் விழ வேண்டுமே. வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றாகப் பிரிந்த பிறகு ஏறக்குறைய 2,000 சதுர கிலோமீட்டர். ஒரு சாதாரண இடிமேகத்தின் அகலம் பத்துக் கிலோமீட்டர் இருக்கலாம், ஆயுள் முக்கால் மணி, ஒரு மணி நேரம். நகர்ந்துகொண்டே முப்பது கிலோமீட்டர் பெய்தால் அது நனைப்பது 300 சதுர கிலோமீட்டர். மாவட்டத்தில் ஏழில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். அப்படி இரண்டு மேகம் வந்து மாவட்டமே அமர்க்களப்பட்டாலும் பத்தில் ஏழு பேர் "எங்க பெய்ஞ்சது?" என்றுதான் கேட்பார்கள். நீங்கள் மூன்று நாளும் அந்த ஏழு பேரில் இருந்திருக்கிறீர்கள். இது துரதிர்ஷ்டம் கூட இல்லை, சாதாரணக் கணக்கு.

இந்தக் கணக்கை அறிவிப்பின் சொற்களே சொல்லிவிடுகின்றன. யாரும் அந்தச் சொற்களைப் படிப்பதில்லை என்பதுதான் விஷயம். "ஓரிரு இடங்களில்" என்றால், அந்தப் பகுதியின் மழைமானிகளில் நான்கில் ஒரு பங்கு வரைதான் நனையும் என்று பொருள். "ஒருசில இடங்களில்" என்றால் பாதி வரை. அதற்கு மேல் முக்கால் பங்கு வரை "பல" அல்லது "அநேக இடங்களில்", அதையும் தாண்டினால் "பெரும்பாலான இடங்களில்". மழைமானியில் 2.5 மில்லிமீட்டராவது சேர்ந்தால்தான் பெய்த கணக்கு. ஆக "ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்" என்ற வாக்கியத்தை நேர்மையாக வாசித்தால், "முக்கால் பங்குப் பேருக்குப் பெய்யாது" என்பதும் அதற்குள் இருக்கிறது. பேரணாம்பட்டில் விழுந்தது, குடியாத்தத்தில் விழவில்லை: கணிப்பு பலித்த நாள் என்றுதான் ஏட்டில் எழுதுவார்கள். எனக்கு இதில் ஒரு குறை உண்டு. மாநிலம் முழுமைக்கும் சேர்த்து "தமிழகத்தில் ஓரிரு இடங்களில்" என்று சொன்னால் மே மாதத்தில் அது தினமும் பலிக்கும். 1,30,000 சதுர கிலோமீட்டரில் எங்காவது ஒரு மலையடிவாரம் நனையத்தான் செய்யும். அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு துணி கூடக் காயப்போட முடியாது. மாவட்ட வாரியாகச் சொல்லும்போதுதான் அதற்கு உயிர் வருகிறது.

இனி, ஒரு நாள் எப்படிப் போகும் என்று காட்டுகிறேன். காலையில் பலூன் கணக்கு: ஈரம் உண்டு, மூடி மெலிது. மூன்று முதல் ஆறு கிலோமீட்டர் உயரத்தில் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பேன். மேகத்தை இழுத்துக்கொண்டு போவது அந்தக் காற்றுதான். மேற்கு, வடமேற்கு என்றால் பலமநேர்ப் பக்கம் எழும் மேகம் மோர்தானா வழியாக உங்கள் ஊருக்கு வரும். திருப்பத்தூர், ஜவ்வாதில் எழுவது ஆரணி, காஞ்சிபுரம் என்று போய், எட்டு, ஒன்பது மணிக்குச் சென்னையில் ஐடி முடித்து வீடு திரும்புபவர்களை நனைக்கும். கிழக்குக் காற்று என்றால் எல்லாம் கர்நாடகத்துக்குச் சீர். ஒரு மணிக்குக் குவிமேகங்கள் அவித்த இட்லி மாதிரி தட்டையாக இருந்தால் மூடி இன்னும் திறக்கவில்லை. இரண்டரை மணிக்கு அதில் ஒன்று காலிஃபிளவர் மாதிரி நிமிர்ந்து, ஓரம் கூர்மையாக வெட்டினது போலத் தெரிந்தால் உடனே ரேடாரைத் திறப்பேன். அதன் உச்சி நார்நாராகி, கொல்லனின் பட்டடைக்கல் மாதிரி ஒரு பக்கம் நீண்டுவிட்டால் அது மேலே எழுவதை முடித்துவிட்டது. அதன் கீழே இருப்பவர் ஓட வேண்டியதுதான்.

ரேடார் என்றதும் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். சென்னைத் துறைமுகம் அருகே 2002-இல் நிறுவப்பட்ட டாப்ளர் ரேடார் 250 கிலோமீட்டர் வரை பார்க்கும். ஆனால் பூமி உருண்டை. கதிர் நேராகப் போகப் போகத் தரை அதை விட்டு விலகிக்கொண்டே போகும். உங்கள் ஊருக்கு வரும்போது அதன் அடிக் கதிரே இரண்டரை, மூன்று கிலோமீட்டர் உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். எழுந்து நிற்கிற மேகம் தெரியும். மேகத்தை எழுப்பப் போகிற கீழ்க்காற்றுக் கோடு தெரியாது. நாடகம் தெரிகிறது, திரைக்குப் பின்னால் யார் வேஷம் கட்டிக்கொண்டிருக்கிறார் என்பது தெரிவதில்லை.

அதனால் நான் பட்ட அவமானம் ஒன்று உண்டு. ஆலங்காயம் பக்கம் என் சித்தப்பா. நவரை நெல் அறுத்துக் களத்தில் கொட்டியிருந்தார். மாலை நாலு மணிக்குப் போன். "ஏம்பா, மலை மேல இடிக்குது, நெல்லை அள்ளிடட்டுமா?" நான் ரேடாரைப் பார்த்தேன். மேகம் ஜவ்வாதுக்கு மேலே, நன்றாகக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. "அது அந்தப் பக்கம் போகுது சித்தப்பா, நீங்க காய விடுங்க" என்றேன். நாற்பது நிமிடத்தில் மறுபடி போன். பின்னால் தகரத்தில் கல் கொட்டுகிற மாதிரி சத்தம். அவர் திட்டவில்லை. "வானிலை பாக்குறவன்னு பேரு வேற" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நடந்தது இதுதான். மழை கொட்டும்போது மேகத்துக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று தொப்பென்று கீழே விழும். விழுந்தது எல்லாப் பக்கமும் தரையோடு பரவும். "மழை வாசனை வருது, எங்கேயோ பெய்யுது" என்று நாம் சொல்லும் அந்தச் சில்லென்ற காற்று அது. மேகம் கிழக்கே போனாலும் அதன் குளிர்காற்று மேற்கே சித்தப்பாவின் களம் வரை பாய்ந்து, அங்கே நாளெல்லாம் கொதித்துக்கொண்டிருந்த காற்றின் அடியில் ஆப்பு மாதிரி நுழைந்து, அதை மேலே தூக்கிவிட்டது. பழைய மேகம் அவரை நோக்கி வரவே இல்லை. அவர் தலைக்கு மேலேயே புதிதாக ஒன்று முளைத்தது. ஒரு மேகம் சாகும்போது விடுகிற மூச்சில் அடுத்தது பிறக்கும். இதை முந்தின நாளே எந்த ஊருக்கு மேலே என்று சொல்ல, முதல் மேகத்தின் இடத்தையும் நேரத்தையும் அச்சுப் பிசகாமல் சொல்லியிருக்க வேண்டும். முதலாவதையே சொல்ல முடியாதபோது அதன் பிள்ளையை எங்கே சொல்வது?

கணினிகள் மட்டும் என்ன செய்யும்? அவை பூமியைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கணக்குப் போடுகின்றன. நம் நாட்டின் உலகளாவிய கணிப்பு முறை பல ஆண்டுகள் 12 கிலோமீட்டர் கட்டத்தில் ஓடியது; 2025 மே மாதம் 6 கிலோமீட்டர் கட்டத்தில் ஒன்றைத் தொடங்கினார்கள். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் இந்த மீனுக்கு வலைக்கண் இன்னும் பெரிது. பத்துக் கிலோமீட்டர் மேகத்துக்கு உருவம் கொடுக்க ஒன்றிரண்டு கட்டம் போதாது. அதனால் கணினி "இந்தப் பகுதியில் சராசரியாக இவ்வளவு தூறும்" என்று மழையைப் பரப்பித் தடவிவிடும். உங்கள் போன் செயலியில் தினமும் நாலு மணிக்கு மின்னல் படம் வருவது அதனால்தான். அந்தப் படம் குடியாத்தத்தைப் பற்றிச் சொல்லவில்லை, குடியாத்தம் விழுந்திருக்கும் கட்டத்தைப் பற்றிச் சொல்கிறது. ஒரே கணிப்பைச் சின்னச் சின்ன மாற்றத்தோடு இருபது, ஐம்பது முறை ஓட்டிப் பார்க்கும் வழக்கமும் உண்டு. அப்படி ஓட்டினால் வெயில் எல்லா ஓட்டத்திலும் 40, 41 என்றே வரும். மழையோ ஒன்றில் ஆம்பூர், ஒன்றில் சித்தூர், ஒன்றில் எங்குமே இல்லை என்று சிதறும். அந்தச் சிதறலே ஒரு பதில்.

அதனால் யாராவது ஐந்து நாள் முன்பே "வியாழன் மாலை குடியாத்தத்தில் கனமழை" என்று மே மாதத்தில் எழுதினால், பலித்தாலும் நம்பாதீர்கள். மூன்று நாலு நாள் முன்பு நேர்மையாகச் சொல்ல முடிந்தது, "இந்த வாரம் மழைக்கான சூழல் இருக்கிறது" என்பது மட்டுமே. முந்தின நாள் மாலை, மாவட்டங்களின் பெயரும் உத்தேச நேரமும். அன்று பிற்பகல், எந்தத் தாலுகா. மேகம் எழுந்த பிறகு, அடுத்த முக்கால் மணிக்கு எந்த ஊர். இந்தக் கடைசி ஒன்றைத்தான் வானிலை மையம் "அடுத்த மூன்று மணி நேரத்தில்" என்று வெளியிடுகிறது. ஒப்பிட்டால் நாளைய அறிவிப்பை விட அதற்குத்தான் மதிப்பு அதிகம்; நம் ஆட்கள் அதைத்தான் பார்ப்பதில்லை.

வெயில் கணக்கையும் கவிழ்க்கும் சந்தர்ப்பம் ஒன்று இருக்கிறது: கோடைப் புயல். 2019 ஏப்ரல் கடைசியில் ஃபானி உருவானபோது தமிழ்நாடு வறண்டு கிடந்தது, எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது வடக்கே திரும்பி மே 3 அன்று ஒடிசாவின் புரி அருகே கரை கடந்தது. போகிற போக்கில் நம் பக்கத்து ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு, மேற்கின் வறண்ட காற்றை நம் மேல் இழுத்துவிட்டது. மழை கேட்டவர்களுக்கு வெயில் கூடியது. வங்கக்கடலில் மே மாதம் சுழல் என்று கேட்டால் மழைக்கோட்டு வாங்கும் முன் அது எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

இப்போது காதுகுத்து. அடுத்த ஞாயிறு வெயில் எப்படி என்று இன்றே சொல்லலாம்: 40-ஐ ஒட்டி. மழையை இன்று சொல்ல மாட்டேன், ஆனால் நேரத்தைச் சொல்வேன். உங்கள் பக்கம் கோடை இடிமழை காலையில் வருவது அரிது. மாலை நாலு மணிக்கு மேல் இரவு பத்து வரைதான் அதன் நேரம். முகூர்த்தம் காலையில் என்றால் மழையை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். வெயிலை நினைத்துக் கவலைப்படுங்கள். பதினொரு மணிக்கு மேல் மொட்டை மாடித் தளத்தில் கால் வைக்க முடியாது, மொட்டையடித்த குழந்தை அங்கே அழுதே களைத்துவிடும். சடங்கை ஒன்பது மணிக்குள் மாடியில் முடித்துவிட்டுப் பந்தியைக் கீழே வையுங்கள். பந்தல் தென்னங்கீற்றாக இருந்தால் நல்லது. ஷாமியானாதான் என்றால் மூன்று மணிக்குள் அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். மழை பெய்யாவிட்டாலும் பக்கத்து ஊர் மழையின் காற்று மணிக்கு 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து இரும்புக் காலோடு தூக்கிக்கொண்டு போகும். மேற்கே இடிச் சத்தம் கேட்டால் மாடியில் ஆள் இருக்கக் கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் மூன்று வினாடி எண்ணினால் மின்னல் ஒரு கிலோமீட்டர் தள்ளி. முப்பதுக்குள் இடித்துவிட்டால் எல்லோரும் கீழே இறங்கிவிட வேண்டும்.

சனிக்கிழமை மாலை ஒரு முறை கேளுங்கள், அப்போது மேல்காற்றின் திசையைச் சொல்கிறேன். ஞாயிறு காலை டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி வைத்துப் பாருங்கள். அது வழிய வழிய வியர்த்து, சீர் கொண்டுவரும் தாய்மாமன் பேரணாம்பட்டுக்காரராகவும் இருந்தால், சாப்பாடு முடிந்த கையோடு மூன்று மணிக்கே வண்டியை எடுக்கச் சொல்லுங்கள்.